துபாய் பல் டாக்டர் கேட்ட ஃபோட்டோக்கள்

இத்தனை தடவை இந்தக் கிட்டாரைக் கழட்டினது யாருன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான் பாய். ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சு கிடக்கு, தகடு பூரா கீறல், அதைப் பாத்தா யாருமே கேப்பாங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு கடை ஏறினேன். ரெண்டு பேரும் இதையேதான் கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். உங்ககிட்ட சொல்றேன். பாலக்கரையில ஒருத்தர் சமாச்சாரத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லாத ஒரே ஆள் நீங்கதான்னு கேள்விப்பட்டேன். நீங்க பாட்டுக்கு அந்த ஆர்மோனியத்தைப் பாருங்க, பாத்துக்கிட்டே கேளுங்க.

கழட்டினது ரூபன்னு ஒரு பய. கழட்ட வச்சது நான்.

இருங்க, முழிக்காதீங்க. முதல்லேர்ந்து சொன்னாத்தான் தப்பு யார் மேலன்னு உங்களுக்குப் புரியும்.

என் பேரு கோதண்டபாணி. வெண்ணிலா இன்னிசைக் குழுவுல இருபத்தாறு வருஷம் பேஸ் கிட்டார் நான்தான். பேஸ்னா ஜனங்களுக்கு என்னன்னே தெரியாது பாய். பாடுறவனுக்குக் கை தட்டுவான், தபேலாக்காரனுக்கு விசில் அடிப்பான். நாலு கம்பியை வச்சுக்கிட்டு ஓரமா நிக்கிற என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். ஆனா நான் நிறுத்தினேன்னு வைங்க, என்னமோ குறையுதேன்னு முழிப்பான். அந்த என்னமோ நான்தான். அப்புறம் எங்க கீபோர்டுக்காரன் இடது கையாலயே பேஸையும் சேத்து வாசிக்கக் கத்துக்கிட்டான். குழுவுக்கு ஒரு ஆள் மிச்சம். வேன் கிளம்பும், எனக்கு ஃபோன் வராது. அவனை நான் சும்மா விடல. அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போய் முன் வரிசையில உக்காந்து, பந்திக்குக் கூப்பிட்டப்போ சாப்பிட மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன். கையைப் பிடிச்சுக் கெஞ்சினான். வாசல் வரைக்கும் வந்தான். எனக்கு அது ஒரு வருஷத்துக்குத் தாங்குச்சு.

சரி, அதை விடுங்க. கச்சேரி நின்னதுலேர்ந்து இந்த பேஸ் பீரோ மேலதான் இருந்துச்சு. பதினோரு வருஷம். இடது கை மோதிர விரல் வேற மடக்கினா நிமிர மாட்டேங்குது, இந்தா பாருங்க. இன்னொரு கையால பிடிச்சு நிமித்தணும். இந்தச் சித்திரையில ஓசூர்லேர்ந்து மகன் வந்தான். "சும்மாதானேப்பா கிடக்குது, நெட்ல போட்டா யாராவது வாங்கி வாசிப்பாங்க"ன்னான். நானும் தலையாட்டினேன். ரெண்டு ஃபோட்டோ எடுத்துப் போட்டான். மறுநாளே மதுரையிலேர்ந்து ஃபோன். ரூபன். மொபைல் கடையில வேலை பாக்குறானாம், பழைய கிட்டார் வாங்கி விக்கிறதும் உண்டாம். ஞாயித்துக்கிழமை முதல் பஸ் பிடிச்சு வந்து நின்னான்.

முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். செருப்பைக் கேட்டுக்கு வெளியவே விட்டான். என் சம்சாரம் தமயந்தியை வாய் நிறைய அம்மான்னான். காப்பி நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சான். அப்பவே நான் உஷாராயிருக்கணும். கிட்டார் பையைத் திறந்தான். உள்ள கரப்பான் முட்டை இருந்துச்சு. இருக்கும் பாய், எந்த வீட்ல இல்ல? அவன் ஒண்ணும் சொல்லல, கைக்குட்டையால தொடைச்சுட்டு மேற்கொண்டு பாத்தான். அந்த ஒண்ணும் சொல்லாததுதான் எனக்குப் பிடிக்கல.

"ஐயா, கழுத்து லேசா வளைஞ்சிருக்கு. பிக்கப் ஒண்ணு கரகரங்குது. தலையில கறை வேற இருக்கு"ன்னான். கறையாம்! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்க தபேலாக்காரர் எல்லா வாத்தியத்துக்கும் சந்தனம் வச்சு மேல குங்குமம் வைப்பார். என்னோடதுக்கு மட்டும் ரெண்டு விரலை ஒண்ணா வச்சு அழுத்துவார். அது பாலிஷுக்குள்ள ஊறிப்போயிடுச்சு. அதைக் கறைன்னுட்டு, பன்னெண்டாயிரம் தர்றேன்னான். கொடுத்துட்டேன். ஆசையாக் கேக்குறானேன்னு கொடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் ஆட்டோ வரைக்கும் நானே தூக்கிட்டுப் போனேன். "நல்லா வாசிங்க தம்பி"ன்னேன். அவனுக்கு வாசிக்கவே தெரியாதுன்னு எனக்கு அப்ப தெரியாது.

ரெண்டு மாசம் கழிச்சு மகன் ஒரு விளம்பரம் அனுப்புறான், 'அப்பா, இது நம்மளதுதானே'ன்னு கேட்டு. பாத்தேன். நம்மளதுதான். கறுப்புத் துணி மேல சாச்சு வச்சு, பக்கத்துல ஒரு மல்லிச் செடி. வெலையை நான் சொல்ல மாட்டேன், சொன்னா நீங்க சிரிப்பீங்க. வெலை எனக்குப் பெருசில்ல பாய். வியாபாரம்னா அப்படித்தான். கீழ ஒரு வரி போட்டிருந்தான் பாருங்க. இங்கிலீஷ்ல இருந்துச்சு, தமிழ்ல சொல்றேன். "இதன் அருமை தெரியாத ஒரு முதியவரின் கட்டிலுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்டது."

அருமை தெரியாத முதியவர்! கட்டிலுக்கு அடியிலயாம்! பீரோ மேல இருந்ததை இவன் எதுக்குக் கட்டிலுக்கு அடியில தள்ளணும்? அதோட விட்டானா? அந்தக் கறையைக் கிட்டத்துல ஃபோட்டோ எடுத்து, 'தென்னிந்தியத் திருவிழா மேடைகளின் புனித முத்திரை'ன்னு போட்டிருக்கான். என் வீட்ல உக்காந்து கறைன்னவன்! அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. தமயந்தி "அவன் விக்கிறதுக்காக ஏதோ எழுதியிருக்கான், விடுங்க"ன்னா. விடுறதாம்.

ஃபோன் போட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்னு நீங்க நினைப்பீங்க. கேட்டா என்ன, சாரி ஐயான்னுவான், அந்த வரியை எடுத்துடுவான், முடிஞ்சு போயிடும். அவ்வளவு சீக்கிரம் முடியறதுல எனக்கு இஷ்டமில்ல.

பழைய ஃபோன் ஒண்ணு கிடந்துச்சு. புது சிம் வாங்கிப் போட்டேன். டாக்டர் மாத்யூஸ், பல் மருத்துவர், துபாய். மூஞ்சிக்குப் பதிலா ஒரு வெள்ளைக் கார் படம். பல் டாக்டர் எப்படித் தோணுச்சுன்னு கேக்காதீங்க, புடுங்கணும்னு நினைச்சேன், வந்துடுச்சு. "நானும் தமிழன்தான், தாய்மொழியிலேயே பேசுவோமே"ன்னு முதல் மெசேஜ் போட்டேன். பய உருகிட்டான்.

இந்தப் பழைய கிட்டார் வாங்குறவங்க கூட்டம் நெட்ல தனியா இருக்கு பாய். ஒரு வாரம் அவங்க பேசிக்கிறதையெல்லாம் படிச்சேன். பழசுன்னு நம்ம வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. கழுத்தைக் கழட்டு, அதுக்கு அடியில தொழிற்சாலையில குத்தின தேதி முத்திரை இருக்கும், அதை ஃபோட்டோ எடுத்து அனுப்புன்னுவாங்க. பின்னாடி நாலு ஸ்க்ரூ, அதைக் கழட்டினாக் கழுத்து தனியா வந்துடும். இது ஒரு வழக்கம். கேக்குறவனுக்கு ஒரு நிமிஷ வேலை. கழட்டுறவன் கம்பியையெல்லாம் தளத்தி, ஸ்க்ரூவை எடுத்து, ஃபோட்டோ பிடிச்சு, திரும்பப் பூட்டி, கம்பியை முறுக்கி, சுருதி சேத்து வைக்கணும். அரை நாள் போயிடும். படிச்சதும் எனக்கு வழி தெரிஞ்சுடுச்சு.

கேட்டேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில வீட்டுக்குப் போய்க் கழட்டி அனுப்பிட்டான். பாத்தேன். அந்த அடி மரம், வெளிச்சமே படாத இடம் இல்லையா, பொறந்த கொழந்தையோட உள்ளங்கால் மாதிரி வெள்ளையா இருந்துச்சு. முத்திரையில எழுபத்தாறுன்னு போட்டிருந்துச்சு. முப்பத்தேழு வருஷம் வச்சிருந்தேன், எல்லார்கிட்டயும் எழுபத்திரண்டாம் வருஷத்து ஜப்பான் சாமான்னுதான் சொல்லிட்டிருந்தேன். ஒரு நாளும் கழட்டிப் பாத்ததில்ல. அதுக்கும் சேத்து அவன் மேலதான் கோவம் வந்துச்சு.

"நிழல் விழுந்திருக்கே தம்பி, வெயில்ல வச்சு இன்னொண்ணு எடுங்களேன்"னு போட்டேன். எடுத்தான். கழுத்து உக்கார்ற பள்ளத்தைத் தனியாக் கேட்டேன். எடுத்தான். அன்னிய தேதிப் பேப்பரைப் பக்கத்துல வச்சு எடுக்கச் சொன்னேன், எடுத்தான். உடம்பை மட்டும் தனியா எடை போட்டுச் சொல்லச் சொன்னேன். பழக்கடைத் தராசுல வச்சு, பக்கத்துல ரெண்டு சாத்துக்குடி தெரிய, அதையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினான். முத்திரை புதுசா அடிச்ச மாதிரி இருக்கு, ஈரப் பஞ்சால தொடைச்சுக் காட்டுங்கன்னேன். கழட்டுறதை முழுசா வீடியோ எடுங்கன்னேன். வீடியோ எடுத்தான், ஆனா தலைகீழா இருக்குன்னேன். ஒவ்வொரு தடவையும் "செஞ்சிடலாம் ஐயா"ன்னு ஒரே பதில். ஒரு தடவையாவது எரிஞ்சு விழுவான்னு பாத்தேன். விழல. அந்த மரியாதை இருக்கே, அதுதான் என்னை மேல மேல கேக்க வச்சுது.

பதினோரு தடவை.

தமயந்தி கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டா: "அவன் கழட்டுறது உங்க கிட்டாரைத்தானே?"

"அது அவனோடது. வித்தாச்சு"ன்னேன்.

அவ கீரையை அள்ளிக்கிட்டு உள்ள போயிட்டா. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது பாய்.

நடுவுல கோயமுத்தூர்ல ஒரு சர்ச்சுல வாசிக்கிறவன் கொஞ்சம் குறைச்சுக் கேட்டிருக்கான். "கொடுத்துடட்டுமா ஐயா"ன்னு என்கிட்ட, அதாவது டாக்டர்கிட்ட, யோசனை கேக்குறான். "அவசரப்படாதீங்க, ஆவணியில ஊருக்கு வர்றேன், கையில வாங்கிக்கிறேன்"னேன். கோயமுத்தூர்க்காரனை இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டான். ஆவணி வந்துச்சு, போச்சு. அப்புறம் டாக்டர் வாயைத் திறக்கல. பயலோட மெசேஜ் வரும், பாப்பேன், பாத்தேன்னு அவனுக்கும் தெரியும், பதில் போட மாட்டேன். இருபது நாள். அந்த இருபது நாளும் நான் நல்லா சாப்பிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை காலையில கேட் சத்தம். யாருன்னு பாத்தா ரூபன். தோள்ல இந்தப் பை. கண்டுபிடிச்சுட்டான்னு நினைச்சேன்.

உள்ள வந்தான். அன்னிக்கு உக்காந்த அதே இடத்துல உக்காந்தான். பையை என் மடியில வச்சான். "ஐயா, இது எனக்கு ராசியில்லை. உங்ககிட்டேயே இருக்கட்டும். நான் விக்கப் பாத்திருக்கவே கூடாது, வாங்கியிருக்கவும் கூடாது"ன்னான்.

"எவ்வளவு"ன்னேன்.

"ஒண்ணும் வேணாம் ஐயா."

அவனே பேசினான். "துபாய்ல ஒரு பல் டாக்டர் ஐயா. பேரு மாத்யூஸ். மூணு மாசம் என்னை நாய் மாதிரி அலைய விட்டான். கழட்டு, பூட்டு, கழட்டு, பூட்டு. வாங்குற எண்ணமே இல்ல அவனுக்கு. மனுஷன்னா இப்படி இருப்பானா? நான் அவனுக்கு என்ன பாவம் செஞ்சேன்?" கண்ணு கலங்கியிருச்சு. "நீங்களே சொல்லுங்க ஐயா, அவன் நல்லா இருப்பானா?"

என்னையே பாக்குறான். சமையக்கட்டு வாசல்ல தமயந்தி காப்பி டம்ளரோட நிக்கிறா. அவளும் என்னையே பாக்குறா.

"எப்படி நல்லா இருப்பான்"னேன்.

"விளங்க மாட்டான் தம்பி"ன்னா தமயந்தி. டம்ளரை அவன்கிட்ட கொடுத்தா. "விரலெல்லாம் மடங்கிப் போகும் அவனுக்கு. ஒண்ணு ஏற்கெனவே மடங்கியிருக்கும்." அவனுக்கு ஒரு பக்கம் ஆறுதலாப் போச்சு. "நீங்களும் சொல்லுங்க ஐயா"ன்னான். சின்னப் பிள்ளை மாதிரி. சொன்னேன். நாசமாப் போவான்னேன். என் வீட்ல, என் நாற்காலியில உக்காந்து, சம்சாரம் கேக்க, என் வாயாலயே. அதுக்கப்புறம்தான் காப்பியைக் குடிச்சான்.

போகும்போது படியில நின்னு, "அடுத்த ஞாயிறு வர்றேன் ஐயா, நீங்க வாசிச்சு ஒரு தடவை கேக்கணும்"னான். இலவசமாக் கொடுத்துட்டுப் போறான் பாய்! அதுதான் என்னால தாங்க முடியல. நான் கெஞ்ச வைக்கணும்னு நினைச்சவன் எனக்குத் தானம் பண்ணிட்டுப் போறான். அருமை தெரியாதவனுக்குத் தானம்!

அவன் போனதும் மடியில வச்சுக் கம்பியை முறுக்கினேன். மெல்லிசு மூணும் சரியா நின்னுச்சு. பெரிய கம்பி, அதானே பேஸே, அதை ஏத்துறேன், ஏத்துறேன், சுருதி ஏறவே இல்ல. அப்பதான் மடியில டக்குன்னு ஒரு சத்தம். கழுத்து மேல தூக்கிக்கிச்சு. திருப்பிப் பாத்தா ஓட்டையெல்லாம் கழட்டிக் கழட்டி வாய் பொளந்து போச்சு. ஸ்க்ரூ பிடிக்கலைன்னு இன்னும் பெருசாப் போட்டு முறுக்கியிருக்கான். அதுல மரமே விரிஞ்சுக்கிச்சு. நீங்க இப்ப விரல் வச்சிருக்கீங்களே, அந்த விரிசல்தான்.

அழுதேன் பாய். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. முப்பத்தேழு வருஷத்துல அதுக்கு ஒரு அடி பட்டதில்ல. எல்லாத்துக்கும் அவன்தான் காரணம். பதினோரு தடவை கழட்டச் சொன்னா, பதினோரு தடவையுமா கழட்டுவான் ஒருத்தன்? முதல் ஃபோட்டோவையே வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கக் கூடாதா? ஊர்ல எல்லாரும் அப்படித்தானே செய்யுறாங்க. இவனுக்கு மட்டும் என்ன அவ்வளவு நேர்மை வேண்டிக் கிடக்கு?

தமயந்தி வந்து பாத்தா. "வர்ற ஞாயிறு அந்தத் தம்பி வரும்போது உண்மையைச் சொல்லிடுங்க. இல்லைன்னா வாத்தியத்தைச் சரி பண்ணியாவது வையுங்க. அது என்ன பண்ணுச்சு பாவம்"னா. அவ சொல்லித்தான் கடை கடையா ஏறிக்கிட்டிருக்கேன்.

என்ன சொல்றீங்க? தேக்கு ஆப்பு அடிச்சு, பசை விட்டு, புதுசா ஓட்டை போட்டுடலாமா? சனிக்கிழமை சாயங்காலமே தந்துடுவீங்களா? பழையபடி நிக்குமா? வாசிக்கலாமா?

நீங்க தொழில்காரர் பாய். அந்த ரெண்டு கடைக்காரங்களும் இது தேறாதுன்னுட்டாங்க. இதைக் கேக்க எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

ஆனா இன்னொண்ணு இருக்கு. இதை இன்னும் தமயந்திக்கே சொல்லல. திங்கக்கிழமை அந்தப் பழைய ஃபோனைத் தூக்கிப் போட்டுடலாம்னு எடுத்தேன். டாக்டருக்கு மெசேஜ் வந்திருக்கு. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன், படிக்கிறேன் கேளுங்க. "ஐயா, நீங்க வாங்காட்டியும் பரவாயில்ல. அதை அந்தப் பெரியவர்கிட்டயே கொடுத்துட்டேன். ஆனா கழட்டிக் கழட்டி நான்தான் அதோட கழுத்தை உடைச்சுட்டேன். அவர் முகத்தைப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல. அருமை தெரியாதவர்னு எழுதினேன். அருமை தெரியாம உடைச்சவன் நான். ஞாயிறு போய் அவர் கால்ல விழுந்து சொல்லிடப் போறேன்."

கேட்டீங்களா? கால்ல விழப் போறானாம். அந்த வரியை அவன் வாயாலயே திருப்பி எடுத்துக்கப் போறான். எத்தனை மாசம் காத்திருந்தேன் இதுக்கு!

ஏன் அப்படிப் பாக்குறீங்க? தமயந்தியும் இப்படித்தான் பாப்பா. நான் ஒண்ணும் அவனை விழச் சொல்லலையே. அவனாத்தானே வர்றான், அவன் உடைச்சதுக்குத்தானே கேக்குறான். நான் எழுப்பி விட்டுடுவேன். சரி தம்பி, போனாப் போகுதுன்னுடுவேன். கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்வேன்.

அதனால சனிக்கிழமை வேணாம் பாய். திங்கக்கிழமை கொண்டு வந்து தர்றேன், அப்ப ஆரம்பிங்க. ஞாயிறு அவன் வரும்போது இது முழுசா நின்னுக்கிட்டிருந்தா எதுக்கு விழுவான்? விரிசலை அவன் கண்ணால பாக்கணும். நான் அந்தப் பெரிய கம்பியை அவன் முன்னாடி ஒரு தடவை மீட்டணும், அது இளிக்கிறதை அவன் கேக்கணும்.

அதுவரைக்கும் இழுவையிலேயே விட்டா விரிசல் மேல ஓடிடுமா? தலை வரைக்குமா? அப்புறம் ஆப்பு அடிச்சாலும் நிக்காதா?

ம்.

இல்ல பாய், கையை எடுங்க. கம்பியைத் தளத்தாதீங்க.